காகமும் கணக்கில் உண்டு

அன்புள்ள ஐயா,

ஆகாயத்துப் பறவைகளைப் போஷிக்கிறவர் நம்மையும் போஷிப்பார் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். என் கணவருக்கு வேலை போய் மாதக்கணக்காகிறது. எங்கள் பால்கனிக் கொடியில் ஒரு தேன்சிட்டு ஜோடி கூடு கட்டியிருந்தது. தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவேன். கர்த்தர் எனக்குக் காட்டும் அடையாளம் என்றே நம்பியிருந்தேன். போன வாரம் என் கண்ணெதிரே ஒரு காகம் கூட்டைக் கிழித்து இரண்டு குஞ்சுகளையும் தூக்கிப்போய்விட்டது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரமாட்டேன் என்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பார்த்துப் பார்த்துக் காத்த கூடு கண்முன்னே போனால் யாருக்கும் மனது ஆறாது. ‘பறவைதானே’ என்று உங்களைத் தேற்ற மாட்டேன்.

முதலில் அந்தக் காகம். மத்தேயு ‘ஆகாயத்துப் பட்சிகள்’ என்று பொதுவாகச் சொல்கிற இடத்தில் லூக்கா 12:24 பறவையின் பெயரையே சொல்லிவிடுகிறது: “காகங்களைக் கவனித்துப்பாருங்கள்.” புறாவைக் காட்டியிருக்கலாம், கேட்பவர்களுக்கும் இதமாக இருந்திருக்கும். இயேசு காட்டியதோ லேவியராகமம் 11 அசுத்தமென்று ஒதுக்கிய பறவையை. கூப்பிடுகிற காக்கைக்குஞ்சுகளுக்கு அவர் ஆகாரம் கொடுக்கிறார் என்று சங்கீதம் 147-லும் பாடுகிறோம். அந்த ஆகாரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்பதில்லை. உங்கள் பால்கனியிலிருந்தும் வருகிறது.

தேன்சிட்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பெயரில் தேன் இருந்தாலும், குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும்தான். நார், சருகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்துக் கூட்டைக் கொடியில் தொங்கவிடுவதும் சிலந்தி நூலைக் கொண்டுதான். வலையும் போயிற்று, வலை பின்னியவனும் போனான். தாய்ப்பறவை அலகில் இரையோடு வந்து இறங்கிய ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஆறுதலாக இருந்தது. சிலந்தியின் தரப்பிலிருந்து எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை.

கேலிக்குச் சொல்லவில்லை. இயற்கையில் நமக்குப் பிடித்த பாதியைக் கடவுளின் கையெழுத்தாக வாசித்தால், மறுபாதி வந்து நிற்கும்போது அவர் கைவிட்டுவிட்டார் என்றும் வாசிக்க வேண்டிவரும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பறவைகளைக் கவனித்துப் பார்க்கத்தான் சொன்னார், அவற்றிடம் குறி கேட்கச் சொல்லவில்லை.

சரி, அப்படியானால் பறவைகளிடம் ஆறுதலே இல்லையா? எனக்கு அது அடைக்கலான் குருவியிடம் கிடைக்கிறது. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வர வேண்டும், ஐந்தாவது கொசுறு. விலையே இல்லாத அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்துத்தான், அவற்றில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார். ஆனால் இவை கூட்டில் சுகமாக இருக்கும் குருவிகள் அல்ல, பிடிபட்டு விலைக்கு வந்தவை. மத்தேயு 10:29-ம் குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்கிறது. சீஷர்களை ஊழியத்துக்கு அனுப்பும்போது சொன்ன பேச்சு அது. உங்களை வாரினால் அடிப்பார்கள் என்று சில வசனங்களுக்கு முன்புதான் எச்சரித்திருக்கிறார். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடிய இடமா அது?

அந்தச் ‘சித்தம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு, காகத்தை ஏவிவிட்டதே அவர்தான் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8-ல் பவுல் எழுதுகிறார். உலகம் இன்று இருக்கிறபடியே எல்லாம் சரி என்று அவர் சாதிக்கவில்லை, நாமும் சாதிக்க வேண்டியதில்லை. விழுந்த குருவி அவர் நினைவில் இருக்கிறது என்பதுவரைதான் என்னால் போக முடிகிறது. அந்த அளவு எனக்குப் போதுமானதாக இருக்கிறது. உங்களுக்கு இப்போதே போதுமா என்று நான் எப்படிச் சொல்ல?

இன்னொன்று. ‘விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை’ என்பதைச் சொல்லி, உங்கள் கணவர் வேலை தேடி அலைவதை விசுவாசக் குறைவு என்று யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். குஞ்சு பொரித்த பறவை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அலைந்துதான் இரை கொண்டுவருகிறது.

அப்புறம், ஜெபம். வார்த்தை வராதபோது சொந்த வார்த்தையே வேண்டும் என்பதில்லை. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிறது. மொத்தம் ஆறே வசனங்கள். நம்பிக்கையாயிருக்கிறேன் என்று தாவீது சொல்வது ஐந்தாவதில்தான். நீங்களும் உங்கள் கணவரும் சில நாட்களுக்கு நான்காவதோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை.