நெஞ்சுக் கணுவில் மீண்டும் தெரியும் புற்று

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. நுரையீரல் புற்றுநோய்க்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது நுரையீரலின் மேல் மடலை அறுவை சிகிச்சை மூலம் அகற்றினார்கள். சென்ற மாதம் எடுத்த பெட் ஸ்கேனில், நெஞ்சின் நடுவில் இரண்டு நிணநீர்க்கணுக்கள் ஒளிர்கின்றன என்கிறார்கள். திரும்பி வந்த புற்றுக்கு வைத்தியமே கிடையாது, அவரை வருத்தாமல் விட்டுவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய இயலாதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உறவினர்களின் முடிவுக்கு இப்போது இடமே இல்லை. திரும்பி வந்திருப்பது புற்றுதானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. பெட் ஸ்கேனில், சர்க்கரையை வேகமாக உறிஞ்சும் எந்தத் திசுவும் ஒளிரும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், காசநோய்க் கணுவும் புற்றுக் கணுவைப் போலவே ஒளிர்ந்து மருத்துவர்களைக் குழப்புவது உண்டு. ஆகவே, அல்ட்ராசவுண்ட் பொருத்திய வளையும் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, கணுவிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பரிசோதிப்பதே முதல் வேலை. மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் இதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அவசியம்.

புற்றுதான் என்று உறுதியாகி, அது நெஞ்சுக் கணுக்களோடு நின்றிருந்தால், குணப்படுத்தும் நோக்கத்தோடேயே சிகிச்சை தொடங்கலாம். மறு அறுவைக்கு வாய்ப்பு குறைவு: முன்பு அறுத்த இடத்தில் தழும்பு இறுகியிருக்கும், அருகிலேயே பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கும். உங்கள் தந்தைக்கு இருந்தது, நுரையீரல் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வரும் சிறுசெல் வகை அல்லாத புற்று என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சும் அதனுடன் சேர்த்தே கீமோதெரபியும் அளிப்பதுதான் வழக்கமான முறை.

அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் சில ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு உட்படுத்த முடியாத மூன்றாம் நிலை (பெரும்பாலும் நெஞ்சுக் கணுக்கள்வரை பரவி, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குச் செல்லாத நிலை) நோயாளிகளிடம் நடந்த பசிஃபிக் என்ற ஆய்வில், கதிர்வீச்சுக்குப் பின் ஓராண்டு துர்வாலுமாப் என்ற, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்தைப் பெற்றவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு 42.9 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள். மருந்து பெறாதவர்களில் 33.4 விழுக்காட்டினர். புற்றுச் செல்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஆசிமெர்டினிப் மாத்திரை பொருந்தும். 2024இல் வெளியான லாரா ஆய்வில், கதிர்வீச்சுக்குப் பின் அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 39.1 மாதங்கள், மற்றவர்களுக்கு 5.6 மாதங்கள். இவ்விரு ஆய்வுகளும் உங்கள் தந்தையைப் போல அறுவைக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கென்று நடத்தப்பட்டவை அல்ல. ஆனால் நெஞ்சுக் கணுக்களோடு நின்ற நோய்க்கு மருத்துவர்கள் இந்த வழியையே பின்பற்றுகிறார்கள்.

இங்கே அவசரம் கேடு செய்யும். இந்த மரபணு மாற்றம் உள்ளவரிடம் துர்வாலுமாப் போன்ற மருந்துகள் பெரிதாகப் பலன் தருவதில்லை. அதைக் கொடுத்த கையோடு ஆசிமெர்டினிப்பைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்தும் கூடுகிறது. எனவே இப்போது எடுக்கும் திசுவிலேயே மரபணுப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். கதிர்வீச்சை அதற்காக நிறுத்திவைக்க வேண்டியதில்லை, அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு கையில் இருந்தால் போதும். துர்வாலுமாப் விலை மிக அதிகம் என்பதால் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கழுத்தெலும்புக்கு மேலுள்ள கணுவரை பரவியிருந்தாலும் கதிர்வீச்சு பல நேரங்களில் சாத்தியமே. வயிற்றுக் கணுக்களுக்கோ வேறு உறுப்புகளுக்கோ சென்றிருந்தால், உடல் முழுவதும் செயல்படும் மருந்துகளே முதன்மைச் சிகிச்சையாகும்.

கதிர்வீச்சின் மூன்றாவது வாரத்திலிருந்து விழுங்கும்போது வலி வரக்கூடும். காரமில்லாத குழைந்த சோறும் கஞ்சியும் கொடுங்கள், எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்குள் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ புதிதாகத் தொடங்கினால், சளித் தொல்லை என்று இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். அது கதிர்வீச்சால் வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.