மூளையில் சேரும் இரும்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. ரத்தசோகைக்காக மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வயதாக வயதாக மூளையில் இரும்பு படிந்து, அல்சைமர், பார்கின்சன் போன்ற நோய்களுக்கு அதுவே காரணமாகிறது என்று அண்மையில் படித்ததிலிருந்து மாத்திரையை விழுங்கவே அச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் படித்ததில் முற்பாதி உண்மை; பிற்பாதி இன்னும் விவாதத்தில் இருப்பது.

மூளையில் வயதோடு இரும்பு கூடுகிறது என்பது புதிய செய்தியன்று. இறந்தவர்களின் மூளைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து அளந்து, ஹால்கிரென், சூராண்டர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1958-லேயே இதை வெளியிட்டார்கள். பிறக்கும்போது மிகக் குறைவாக இருக்கும் இரும்பு, முதல் 20 ஆண்டுகளில் வேகமாக ஏறுகிறது. பிறகு சில பகுதிகளில் ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது, வேறு சிலவற்றில் நடுவயதைத் தாண்டியும் மெல்லக் கூடுகிறது. இளமையில் ஏறுவது நோயல்ல, தேவை. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை அமையவும், நரம்பணுக்கள் செய்தி பரிமாறப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் உருவாகவும் இரும்பு இல்லாமல் முடியாது.

ஆகவே, எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைவிட, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். ஃபெரிட்டின் என்ற புரதக்கூடு ஒன்று ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை தனக்குள் பூட்டி வைக்கக்கூடியது. அந்தக் காவலுக்கு வெளியே திரியும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் என்று எதையும் விட்டுவைக்காத ஹைட்ராக்சில் துகள் பிறக்கிறது. செல்சவ்வின் கொழுப்பு இவ்வாறு இரும்பின் துணையோடு சிதைந்து செல் மடிவதற்கு 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். பார்கின்சன் நோயில் அழியும் கருநிறப் பகுதியின் நரம்பணுக்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்; டோபமின் சிதையும்போதே அங்கு பெராக்சைடு உண்டாகிறது, இரும்பும் அங்கே நிறைந்திருக்கிறது.

ஆனால் இரும்பு சேர்ந்ததால் செல் மடிந்ததா, மடியும் செல்லைச் சுற்றி இரும்பு சேர்ந்ததா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஃபெரிட்டினைக் கட்டும் மரபணுவில் பிழை நேரும் அரிய பரம்பரை நோயில் இரும்பே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அல்சைமரில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். குடல் உறிஞ்சும் இரும்பு நேரே மூளைக்குள் கொட்டுவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்ட, இரும்பை ஏந்திவரும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை அங்குள்ள ஏற்பிகள் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வரத்தை மூளை பெருமளவு தன் தேவைக்கேற்ப நடத்திக்கொள்கிறது. பரம்பரையாக உடலில் இரும்பு மிகுந்துபோகும் ஹீமோகுரோமடோசிஸ் நோயில்கூட முதலில் அடி வாங்குவது கல்லீரலும் இதயமும் கணையமும்தான். மறுபுறம், ரத்தசோகையைக் கவனியாமல் விட்டால் களைப்பும் கவனக்குறைவும் நிச்சயம். உங்கள் வயதில் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: இந்த ரத்தசோகை எதனால் வந்தது? குடலில் எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டார்களா? குறைபாடே இல்லாதவர்கள் ‘தெம்புக்காக’ இரும்பு மாத்திரை போடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலில் தனி வழி கிடையாது.

கேள்வி: படிந்த இரும்பை மருந்து கொடுத்து வெளியே எடுத்துவிட்டால் நோய் நிற்காதா?

பதில்: கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது; சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இரும்பைப் பற்றி வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தை, புதிதாகப் பார்கின்சன் கண்டறியப்பட்டு லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மருந்து) தொடங்காதவர்களுக்கு 36 வாரம் கொடுத்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. மொத்தம் 372 பேர். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஸ்கேனில் இரும்பு குறைந்தது. நோயாளிகளின் நிலையோ மோசமானது. அறிகுறிகள் முற்றியதால் டோபமின் சிகிச்சையைத் தொடங்க வேண்டி வந்தவர்கள் மருந்துக் குழுவில் 22 விழுக்காடு, மற்றதில் 2.7 விழுக்காடு. டோபமினை உருவாக்கும் நொதி இரும்பு இன்றி இயங்காது என்பதை நினைத்தால், ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த டோபமின் மேலும் குறைந்திருக்க வேண்டும் என்ற விளக்கம் பொருந்துகிறது. தீங்கு செய்யும் இரும்பை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

கேள்வி: மூளையில் இரும்பு எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பதில்: தெரியாது. ரத்த ஃபெரிட்டின் உடலின் கையிருப்பைத்தான் காட்டும். அதுவும் காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் பொய்யாக உயரும். மூளை இரும்பை அளக்கத் தனி முறையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. உண்டு, ஆனால் அது இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கு உரியது. விதிவிலக்காக, பாங்க்2 மரபணுப் பிழையால் குழந்தைகளைத் தாக்கும் அரிய நோயில், இரும்பின் கருமைக்கு நடுவே வெண்புள்ளி தெரியும் ‘புலிக்கண்’ தோற்றம் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலேயே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.