கேளுங்கோ சொல்லுறம்: கட்டாயத்திலை ஆமிக்குப் போனவையின்ரை படம்

கேள்வி: ரெண்டாம் உலகப்போர் நேரம் வந்த படங்களிலை, சாதாரண ஆக்களைக் கட்டாயமா ஆமிக்கு எடுத்துச் சிப்பாயாக்கிறதைக் காட்டுற நல்ல படம் எது? – வாசகர், கொக்குவில்

பதில்: 'த வே அஹெட்' பாருங்கோ, 1944இலை கரோல் ரீட் எடுத்த பிரிட்டிஷ் படம். 1943இலை ஆமிக்கெண்டு 'த நியூ லொட்' எண்டு ஒரு சின்னப் பயிற்சிப் படம் எடுத்தவர், அதிலையிருந்து வளந்ததுதான் இது, எரிக் ஆம்ப்ளரும் பீட்டர் உஸ்தினோவும் எழுதினவை. பயிற்சிச் சண்டையிலை புதுச் சிப்பாய்மார் வேளைக்கே திரும்பிப் போகலாமெண்டு வேணுமெண்டே 'செத்து'ப் போகினம் பாருங்கோ, அதுக்குப் பிறகு ஒஃபிசரா வாற டேவிட் நிவன் எல்லாரையும் வைச்சுக் குடுக்கிற பேச்சு இருக்கே, அந்த இடம் எனக்கு உயிர். நிவன் உண்மையாவே அப்ப ஆமியிலை இருந்தவர், அது நடிப்பிலை தெரியும். சார்ஜன்ட்டா வாற வில்லியம் ஹார்ட்னெலும் அருமை. பிரச்சாரப் படம்தான், இல்லையெண்டேல்லை. பிள்ளையைக் குடுத்த வீடுகளின்ரை பக்கம் காணாது, யாழ்ப்பாணத்திலை இருந்து பாக்கிற எங்களுக்கு அது நல்லா உறைக்கும். 'நியூ லொட்' கிடைச்சா அதை முதல் பாருங்கோ.