பெச்சோரா என்பது நதியா, ஊரா, ஏவுகணையா?

மூன்றும்தான். ஆனால் முதலில் வந்தது நதி. ரஷ்யாவின் வடக்கு யூரல் மலைகளில் பிறந்து, சுமார் 1,809 கிலோமீட்டர் ஓடி, பேரன்ட்ஸ் கடலின் ஒரு பகுதியான பெச்சோரா கடலில் கலக்கிறது. அதன் மேல்பகுதியை ஒட்டிய கோமி கன்னிக்காடுகள் 1995 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

ஊர் கோமி குடியரசில் அந்த நதிக்கரையில் இருக்கிறது. 1949-இல் நகரமானது. அங்கே போகும் ரயில் பாதையைப் போட்டவர்கள் ஸ்டாலின் கால முகாம் கைதிகள். பனியிலும் பசியிலும் ஏராளமானோர் இறந்தார்கள். பெச்சோரா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்கள்தான்.

சரி, ஏவுகணை? சோவியத் வான்பாதுகாப்பு ஏவுகணைகளுக்கு நதிப் பெயர் வைப்பது வழக்கம்: எஸ்-75-க்கு த்வீனா, எஸ்-200-க்கு அங்காரா. 1961-இல் சேவைக்கு வந்த எஸ்-125, உள்நாட்டில் நேவா. வெளிநாட்டுக்கு விற்றபோது பெச்சோரா. தாழ்வாகப் பறக்கும் விமானங்களை வீழ்த்தவே இதை உருவாக்கினார்கள். இந்திய விமானப்படையிலும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில், ரேடாருக்கு எளிதில் சிக்காத அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தை வீழ்த்தியதும் எஸ்-125 தான். ஆக, ஏவுகணையின் பெயர் ஊரிலிருந்து வரவில்லை. இரண்டுக்கும் பெயர் கொடுத்தது நதி.