இறாலா, முகத்துவாரமா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேரப்போகிறேன். அப்பா வாவியில் மீன்பிடிக்கிறவர். எனக்குக் கடல் உயிரியல் படிக்க ஆசை. அண்ணனோ "சமுத்திரவியல்தான் பெரிய படிப்பு" என்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கணக்கு அவ்வளவாக வராது. பௌதிகவியலை விட்டுவிட்டு விவசாய விஞ்ஞானம் எடுக்கலாமா?
- ஒரு மாணவி, நாவலடி

பதில்: மகள், மாரி காலத்தில் அப்பா என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்பார். அப்புறம், "இறால் படுகுதா?" என்பார். நீங்கள் கேட்ட இரண்டு படிப்பும் அந்த இரண்டு கேள்விக்குள் இருக்கின்றன.

முதலாவது சமுத்திரவியல். அலை கரையோரமாக மணலைத் தள்ளிவந்து வாவியின் வாயை அடைக்கிறது. மழையில் வாவி நிரம்பினால் மணல்மேடு தானாக உடையும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். மழைநீர் கடலுக்குப் பாய்ந்து ஓய்ந்ததும் உப்புநீர் உள்ளே ஏறும். எவ்வளவு மணல், எந்தப் பக்கம் நகர்கிறது, உப்பு எவ்வளவு என்று அளப்பது சமுத்திரவியலாளரின் வேலை. பௌதிகம், இரசாயனம், புவிச்சரிதவியல், உயிரியல் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

இரண்டாவது கடல் உயிரியல். நம் வாவி இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து, கண்டல் வேரடியில் வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போகும். அந்த உயிரின் உடலையும் வாழ்க்கையையும் படிப்பவர் கடல் உயிரியலாளர். ஆனால் வாய் அடைத்துக் கிடந்தால் குஞ்சு எப்படி உள்ளே வரும்? ஒருவருக்கு மற்றவர் கட்டாயம் வேண்டும். அதனால் எது பெரிது என்ற அண்ணனின் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் மனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வலையில் நண்டு வந்தால் புரட்டி, வயிற்று மடிப்பு அகலமா, ஒடுக்கமா, பெண்ணா, ஆணா என்று பார்க்கிற பிள்ளையா? அல்லது கல்லடிப் பாலத்தில் நின்று, தண்ணீர் ஏன் இன்றைக்கு இந்தப் பக்கம் ஓடுகிறது என்று யோசிக்கிற பிள்ளையா?

பௌதிகவியலை மட்டும் விடவே வேண்டாம். அது இல்லாமல் சமுத்திரவியல் பக்கம் போவது மிகவும் கஷ்டம். கடல் உயிரியலுக்குப் போனாலும், மீன் வளத்தைக் கணிக்கப் புள்ளிவிபரவியல் வேண்டும். கணக்கு வராது என்று இப்போதே முடிவுகட்டாதீர்கள், இன்னும் வயது இருக்கிறது.

மாத்தறையில் றுகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடத்தில் சமுத்திரவியலுக்குத் தனித் துறையே உண்டு. நாரா எனப்படும் அரசின் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு வகையினருக்கும் வேலை இருக்கிறது. எந்தப் பாடச் சேர்க்கை தேவை என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த ஆண்டுக் கைநூலில் பார்த்த பிறகே பாடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

சரி, இந்த மாரிக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். முகத்துவாரம் திறந்த திகதியை எழுதுங்கள். அதற்குப் பிறகு அப்பாவின் வலையில் இறால் எந்த நாளில், எவ்வளவு பட்டது என்றும் எழுதிவாருங்கள். தை பிறந்ததும் எனக்கு அனுப்புங்கள், ஆசையோடு வாசிப்பேன்.