தீபாவளிக்கு மளிகைக் கடை வாசலில் பட்டாசு விற்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடை கீழே, வீடு மாடியில். இந்தத் தீபாவளிக்குப் பத்து நாள் கடை வாசலில் மேஜை போட்டுப் பட்டாசு விற்கலாம் என்று யோசனை. சிவகாசியிலிருந்து ஒரு மொத்த வியாபாரி அட்வான்ஸ் கேட்கிறார். இவ்வளவு சின்ன வியாபாரத்துக்கும் உரிமம் கட்டாயமா? வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கலாமா? வாங்க வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வெடித்துக் காட்டலாமா? மிஞ்சும் சரக்கை அடுத்த வருடம் வரை குடோனில் வைக்கலாமா?

பதில்: அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்த வியாபாரத்தில் முதலில் முடிவாக வேண்டியது சரக்கு அல்ல, இடம். இடம் சரியாக இருந்தால் சரக்குக்கு எத்தனையோ வழி உண்டு. இடம் தவறினால் சரக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும், உரிமம் வராது, மொத்த வியாபாரியும் திருப்பி எடுக்க மாட்டார். ஒவ்வொரு வருடமும் கடன் வாங்கிப் பட்டாசு எடுத்தவர்களில் சிலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

உரிமம் கட்டாயம்தான். பட்டாசு என்பது சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008-ஆம் ஆண்டு விதிகளும் மத்தாப்புக்கும் பொருந்தும், லட்சுமி வெடிக்கும் பொருந்தும். உரிமம் இல்லாமல் வைத்திருந்து விற்றால் சட்டத்தின் 9-பி பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்வார்கள், நஷ்டம் அங்கேதான்.

சரி, உங்கள் மேஜைக்கு வருவோம். அந்த யோசனையை விட்டுவிடுங்கள். தீபாவளி போன்ற பண்டிகைக்காலத் தற்காலிகக் கடைக்கு 2008 விதிகளில் 84-ஆவது விதி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதன்படி பட்டாசை எளிதில் தீப்பிடிக்காத பொருளால் கட்டிய கொட்டகைக்குள் வைக்க வேண்டும். கண்டவர்கள் உள்ளே நுழைய முடியாதபடி அது மூடிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். திறந்த மேஜை இதிலேயே அடிபட்டுப் போகிறது. கீற்றுக் கொட்டகை, துணிப் பந்தல், தார்ப்பாய் எதுவும் ஆகாது. தகர ஷீட் போட்டுக் கட்டுவதுதான் வழக்கம்.

அடுத்தது தூரம். ஒரு கொட்டகைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில், மற்ற கடைகள் போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிரே அமையக் கூடாது. ஒரே தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது. சென்னையில் தீவுத்திடல் போன்ற திறந்தவெளியில் வரிசையாகக் கடை போடுவதற்குக் காரணம் இந்தத் தூரக் கணக்குதான். உங்கள் ஊரில் சுற்றிலும் 50 மீட்டருக்குள் ஒரு வீடும் இல்லாத மைதானமோ அறுவடை முடிந்த காடோ கிடைக்கும் என்றால், நகரத்துக்காரர்களைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்.

மேஜை வேண்டாம், மளிகைக் கடைக்குள்ளேயே ஓர் அறையை ஒதுக்கி நிரந்தர உரிமம் வாங்கலாமே என்று தோன்றலாம். உங்கள் கட்டடத்தில் அதுவும் முடியாது. நிரந்தரக் கடை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், பரப்பு 9 முதல் 25 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும், வெளியிலிருந்து தனி வாசலும் அவசர வழியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேல்மாடியில் குடியிருப்பு இருக்கவே கூடாது. கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிற எவருக்கும் இந்தக் கதவு மூடியதுதான்.

இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று மட்டும் பார்க்காதீர்கள். 2021 அக்டோபர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசு விற்ற ஒரு கடை எரிந்தபோது, பக்கத்து பேக்கரியில் இருந்த காஸ் சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்தன. உயிர்கள் போயின. உங்கள் கட்டடத்தை அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். கீழே எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி பண்டல். மேலே சமையலறையில் சிலிண்டர். அதற்கும் மேலே தூங்கப் போகிற பிள்ளைகள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மாவட்ட நிர்வாகம் விண்ணப்பக் கடைசித் தேதியை அறிவிக்கும். மாவட்டங்களில் வருவாய் நிர்வாகமும், மாநகரக் காவல் ஆணையரக எல்லையில் காவல் ஆணையரும் உரிமம் தருகிறார்கள். உங்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்தான். இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். கடையின் வரைபடம், இடத்தின் பத்திர நகல், வாடகை இடமென்றால் உரிமையாளருடன் போட்ட ஒப்பந்தம், வரி ரசீது, கட்டணம் செலுத்திய சலான், அடையாளச் சான்று, புகைப்படம் இவ்வளவும் கேட்பார்கள். பிறகு காவல், வருவாய், தீயணைப்பு, உள்ளாட்சி என்று துறைவாரியாக இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார்கள். இதில் இழுபறி ஆவது பெரும்பாலும் வரைபடத்தில்தான். சுற்றிலும் 50 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதை மறைத்து வரைந்து கொடுத்து, நேரில் வந்த அலுவலர் டேப் பிடித்ததும் நிராகரிக்கப்படுகிறவர்கள் நிறைய. டிரான்ஸ்பார்மர், மேலே போகும் உயரழுத்த மின்கம்பி, பக்கத்து டீக்கடை எல்லாவற்றையும் உள்ளபடி வரையுங்கள். முடிந்தால் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் இடத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னாலும் அது உங்கள் அட்வான்ஸைக் காப்பாற்றும்.

உரிமம் கைக்கு வந்ததும் அதில் எழுதியிருக்கும் எடையைப் படியுங்கள். அந்த எடைக்கு மேல் ஒரு பெட்டிகூடக் கொட்டகையில் இருக்கக் கூடாது. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூருக்கு அப்பால், கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்ததே, அது வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது பிடித்த தீ. இறந்தவர்களில் பலர் பண்டிகைக்கால வேலைக்கு வந்த தமிழக இளைஞர்கள். ஆகவே சரக்கைத் தவணை தவணையாக எடுங்கள், பகலில் இறக்குங்கள், இறக்கும்போது வாடிக்கையாளர் கூட்டம் வேண்டாம். கைவேலைக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். 18 வயது நிரம்பாதவர்கள் வெடிபொருளைக் கையாளவோ விற்கவோ சட்டத்தின் 6-ஏ பிரிவு தடை செய்கிறது. அவர்களுக்கு விற்பதற்கும் அதே தடை. சட்டைப்பையில் காசோடு வரும் சிறுவனை, ‘அப்பாவைக் கூட்டிட்டு வா தம்பி’ என்று அனுப்பிவிடுங்கள்.

கொட்டகைக்குள் வெளிச்சம் எப்படி என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு, வேறெந்தத் திறந்த சுடரும் கொட்டகையிலும் அதன் பாதுகாப்புத் தூரத்துக்குள்ளும் கூடாது. மின்விளக்கு என்றால் சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்த வேண்டும், வயரில் தொங்கவிடக் கூடாது. சுவிட்சும் சுவரில் உறுதியாக இருக்க வேண்டும். வரிசையாகக் கடைகள் இருந்தால் வரிசைக்கு ஒரு மெயின் சுவிட்ச். அப்படியானால் கண்ணைப் பறிக்கும் சீரியல் செட் அலங்காரம் விதிமீறல். கடை திறப்பன்று கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பதும், சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றுவதும் அப்படித்தான். பூஜையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மணல் வாளி, நிறைய தண்ணீர், தீயணைப்பான் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். தீயணைப்பானை இயக்கத் தெரிந்த ஓர் ஆள் எப்போதும் கடையில் இருக்க வேண்டும். அழைக்க வேண்டிய எண் 101 அல்லது 112.

என்ன விற்கலாம் என்பதிலும் சில கோடுகள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தந்த தீர்ப்பில் சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. 2021-இல் அதை மறுபடி வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில் தடையைத் தளர்த்தக் கேட்டபோதும் மறுத்தது. ‘கடைக்குக் கடை சரம் தொங்குகிறதே’ என்பீர்கள். தொங்குகிறதுதான். ஆனால் வழக்கு என்று வரும்போது பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்து எதுவும் ஆகப்போவதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் நீங்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒலிக்கும் அளவு உண்டு: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது 1999-இல் வந்த விதி. பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் விவரமும் இல்லாத சரக்கை, எவ்வளவு மலிவாக வந்தாலும், எடுக்காதீர்கள். பசுமைப் பட்டாசு, அதாவது மாசு குறைந்த பட்டாசு, என்று சொல்லித் தந்தால் பெட்டியில் அதற்கான சின்னமும் கியூஆர் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் ஆர்டர்? 2018-இல் அந்தத் தீர்ப்பு இணையவழிப் பட்டாசு விற்பனையையும் தடுத்தது. தெரிந்த வாடிக்கையாளர் ‘எனக்கு ரெண்டு பெட்டி எடுத்து வையுங்கள்’ என்று செய்தி அனுப்பி, கடைக்கு வந்து பணம் கொடுத்து வாங்கிப் போவதை யாரும் ஆன்லைன் விற்பனை என்று சொல்லப் போவதில்லை. விலைப்பட்டியல் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, பார்சலில் அனுப்புவது வேறு சங்கதி. அதைச் செய்யாதீர்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ கொடுத்தனுப்புவதும் கூடாது. ரயிலில் கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

இதோடு ஒட்டி இன்னொன்று. அட்வான்ஸ் கேட்கும் அந்த மொத்த வியாபாரியை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? ‘சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி’ என்று போனில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பி ஏமாறுவது ஒவ்வொரு சீசனிலும் நடக்கிறது. அவருடைய உரிம நகலைக் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் செலவழித்துச் சிவகாசிக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

வெடித்துக் காட்டும் யோசனையும் வேண்டாம். கொட்டகையிலிருந்து 50 மீட்டருக்குள் பட்டாசு வெடித்துக் காட்ட அதே 84-ஆவது விதியில் அனுமதி இல்லை. அதற்கு அப்பால் என்றாலும் நேரக் கட்டுப்பாடு குறுக்கே வரும். 2018 தீர்ப்பில் தீபாவளிக்கு நாடு முழுவதற்கும் இரவு 8 முதல் 10 மணி வரை என்றிருந்ததை, நம் மாநிலத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் மாற்றிக்கொள்ள உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. தமிழக அரசு தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்தது. அந்தந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதை எழுதிக் கடையில் ஒட்டிவிடுங்கள், வருகிறவர்களுக்கும் உதவும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே சத்தம் போடும் வெடி எந்த நேரத்திலும் கூடாது. நேரம் தவறி வெடித்ததற்காகத் தீபாவளி இரவில் காவல் துறை வழக்குப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

கோயில் திருவிழா வாணவேடிக்கைக்கு யாராவது உங்களிடம் ஆர்டர் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அதற்குத் தனி அனுமதி, தனி இடம், பழகிய ஆட்கள் வேண்டும். கேரளத்தில் கொல்லம் அருகே பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது அனுமதி மறுக்கப்பட்ட ஒரு வாணவேடிக்கையில்தான்.

மிஞ்சிய சரக்கு விஷயம்தான் உங்கள் கேள்விகளில் எனக்கு அதிகம் கவலை தருவது. தற்காலிக உரிமம் அதில் எழுதிய தேதியோடு முடிகிறது. மறுநாள் முதல் அந்தப் பெட்டிகள் உரிமமில்லாத வெடிபொருள். மளிகைக் குடோனில், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு வருடம் வைத்திருப்பது குற்றம் என்பதோடு முடிவதில்லை. ஈரம் ஏறிய பட்டாசு எப்போது, எப்படி எரியும் என்று சொல்ல முடியாது. அதனால் சரக்கு எடுக்கும்போதே, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக உரிமம் பெற்ற வியாபாரியிடம் எழுதி வாங்குங்கள். மறுக்கிற வியாபாரியிடம் குறைவாக எடுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மத்தாப்பும் புஸ்வாணமும் தீர்ந்து போய் நாலு பேர் வெறுங்கையோடு திரும்பினால் பரவாயில்லை. முதல் வருடம் அந்த அளவுக்கு எடுப்பதே சரியான கணக்கு.