பனங்களி ஏன் கசக்கிறது, ஏன் சீக்கிரம் கெடுகிறது?

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்கள் வரப்புகளில் 40 பெண் பனை நிற்கிறது. நுங்குக்கு வெட்டியது போக, ஆவணியில் பழம் விழுந்து அழுகுகிறது. போன வருடம் அம்மாவும் நானும் பிழிந்து கூழ், அதாவது பனங்களி எடுத்தோம். ஒரு சட்டி தேனாக இருந்தது, அடுத்த சட்டி வாயில் வைக்க முடியாத கசப்பு. மறுநாளே புளித்த வாடை வந்துவிட்டது. இலங்கையில் இதில் ஜாம் போடுகிறார்களாமே? சர்க்கரை நோய்க்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது நிஜமா? பிழிந்த சக்கையை ஆடுகளுக்குப் போடலாமா? கூழ் எடுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வணக்கம் ஐயா. இயந்திரத்தை இந்த வருடம் வாங்காதீர்கள். முதலில் ஒரு டப்பா பெயின்ட் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கசப்புக்கு நீங்களோ உங்கள் அம்மாவோ காரணம் இல்லை. பனம்பழக் கூழில் ஃப்ளாபெல்லிஃபெரின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. பனையின் அறிவியல் பெயரான பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபர் என்பதிலிருந்து வந்த பெயர் இது. கொழும்பை ஒட்டியுள்ள ஸ்ரீ ஜெயவர்தனபுரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1990களில் இதைப் பிரித்தெடுத்துப் படித்தார்கள். இவை சப்போனின் வகை. அதாவது சீயக்காய், பூந்திக்கொட்டை நுரைக்கிறதே, அதே குடும்பம். இதில் பல வகை உண்டு, எல்லாமே கசப்பதில்லை. நான்கு சர்க்கரைத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைதான் முக்கியமான கசப்பு. நாரிஞ்சினேஸ் என்ற நொதியைப் போட்டு அந்தச் சர்க்கரைத் துண்டில் ஒன்றைக் கழற்றினால் கசப்பு போய்விடும் என்று 1994இலேயே காட்டினார்கள். கிரேப்ஃப்ரூட் சாற்றின் கசப்பை எடுக்கவும் இதே நொதிதான். ஆனால் வீட்டில் கூழ் எடுப்பவருக்கு அந்த நொதி கட்டுப்படியாகாது.

நுரைக்கும் என்றேனே, அதை யாழ்ப்பாணத்தார் ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் சோப்பு கிடைக்காதபோது பனம்பழத்தைத் தேய்த்துத் துணி துவைத்தவர்கள் அவர்கள். காயப்போட்ட சேலையை மாடு வந்து சப்பிவிடும் என்பதுதான் அதில் ஒரே தொல்லை!

சரி, உங்கள் இரண்டு சட்டிக்கு வருவோம். கசப்பின் அளவு மரத்துக்கு மரம் மாறும். நன்றாகப் பழுத்த பழத்திலும் அந்த வித்தியாசம் இருக்கும். கூழைக் காய்ச்சினால் பச்சை வாடை அடங்கும், கசப்பு முழுதாகப் போகாது. ஒரு கசப்பு மரத்துப் பழம் நாலு நல்ல மரத்துக் கூழைக் கெடுத்துவிடும். ஆகவே இந்த ஆவணியில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: ஒவ்வொரு மரத்தின் கீழும் விழுந்த பழத்தை அந்த மரத்தின் பெயரிலேயே தனியாக வைத்து, தோலை உரித்து, சதையை விரலால் வழித்து ருசி பாருங்கள். முதல் ருசி இனிக்கும், ஏமாறாதீர்கள். கசப்பு சற்றுத் தாமதமாகத்தான் தெரியும். இடையில் வாய் கொப்பளித்துக்கொள்ளுங்கள். இனிப்பு மரத்துக்கு ஒரு வளையம், கசப்பு மரத்துக்கு இரண்டு வளையம். பெயின்ட் இதற்குத்தான். 40 மரத்தில் பதினைந்து தேறினாலும் அந்தப் பதினைந்தைத்தான் கூழுக்கு நம்ப வேண்டும். மற்றவற்றை நுங்குக்கு வெட்டிவிடுங்கள்.

அடுத்து, கெட்டுப்போவது. இந்தச் சேர்மங்களில் ஒன்று ஈஸ்ட் வளர்ச்சியைத் தடுக்கும் என்று அதே ஆய்வுகளில் தெரிந்தது. பனங்களியைப் புளிக்கவைத்துச் சாராயம் எடுக்கப் பார்த்தவர்களுக்கு எதிர்பார்த்த அளவு கிடைக்காததற்கும் அது ஒரு காரணம். அப்படியானால் உங்கள் கூழ் ஏன் நாறியது? கெடுப்பது ஈஸ்ட் மட்டும் இல்லை, பாக்டீரியாவும்தான். மாங்காய், புளி மாதிரி பனம்பழத்தில் புளிப்பு கிடையாது. சர்க்கரை உண்டு, ஈரம் உண்டு, பாதுகாக்கும் அமிலம் இல்லை. அதோடு பிழிவதற்காகக் கிணற்றுத் தண்ணீரை வேறு ஊற்றியிருப்பீர்கள்.

விழுந்த பழத்தை அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். தொப்பி கழன்று, வெடித்துக் கிடக்கும் பழம் வேண்டாம். கழுவி, தோல் நீக்கி, கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும், அதுவும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு தெளித்துப் பிசையுங்கள். தும்பு வராமல் துணியில் வடிகட்டி, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து பிஎச் அளவை (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். சோதனைத் தாள் ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும். 4.6க்கு மேல் இருக்கும் கூழை பாட்டிலில் அடைத்து வெளியில் வைப்பது ஆபத்து. உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளரலாம். அமிலம் சேர்த்த கூழைக் கிளறிக்கொண்டே கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சில நிமிடம் காய்ச்சி, வெந்நீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே நிரப்பி மூடுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லை என்றால் ஐஸ்பெட்டிதான் வழி.

இலங்கையில் ஜாம் போடுவது உண்மைதான். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை அங்கே இருக்கிறது, கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனமும் உண்டு. கூழில் பெக்டின், அதாவது ஜாமை இறுகச் செய்யும் நார்ப்பொருள் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது பனாட்டு. வடித்த களியைப் பாயில் மெல்லிசாகப் பரப்பி, காய்ந்ததும் மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு, இப்படியே அடுக்கடுக்காக. உங்கள் ஊர் ஆவணி, புரட்டாசி வெயில் அதற்கு அளவெடுத்தது போல இருக்கும். ஐப்பசி மழைக்குள் முடித்துவிட வேண்டும். ஈ அண்டாமல் வலை கட்டுங்கள். கொஞ்சத்தைப் பதநீரைக் காய்ச்சிய பனம்பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. மூலப்பொருள் இரண்டுமே பனைதான்.

சத்து என்று பார்த்தால் சர்க்கரை, பெக்டின் நார், மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகள். நிறமும் மரத்துக்கு மரம் மாறும். ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் என்றால் கரோட்டினாய்டு கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாக் கரோட்டினாய்டும் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறாது. ஆகவே அதை வைத்துப் பெரிதாக விளம்பரம் செய்ய முடியாது.

சர்க்கரை நோய் விஷயத்தில் உங்கள் வாட்ஸ்அப்காரர் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கசப்புச் சேர்மம் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்று சுண்டெலிகளில் காட்டியிருக்கிறார்கள். எலிகளின் எடை கூடுவதும் குறைந்தது. அதை வைத்து இனிப்பான பனாட்டை மருந்து என்று விற்றால் அது பொய். நீங்கள் தேடிப்பிடித்து விற்கப்போவதே கசப்பு குறைந்த பழம்தானே! நோயைத் தீர்க்கும் என்று உணவுப்பொருளின் லேபிளில் போடவும் சட்டம் விடாது.

ஆடுகளுக்கு மேய்ச்சல் முடிந்து வந்தபின் கொஞ்சம் சக்கை போடலாம். வெறும் வயிற்றில் கூடை நிறையக் கொட்டினால் சர்க்கரை இரைப்பையில் வேகமாகப் புளித்து, அசை போடுவது நின்று, ஆடு படுத்துவிடும். குட்டிகளுக்கு வேண்டாம். எலிகளின் எடை குறைந்த கதையை ஆட்டின்மேல் அப்படியே ஏற்ற முடியாதுதான், அதன் இரைப்பை வேறு. இருந்தாலும் வளர்கிற குட்டியை வைத்துச் சோதிப்பானேன்? மாடு இருந்தால் இன்னொரு கவனம்: முழுப் பழத்தையோ கொட்டையையோ போடாதீர்கள். தொண்டையில் சிக்கினால் வாய் ஒழுகி, வயிறு உப்பிவிடும். அப்போது கையை விட்டுத் துழாவாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இயந்திரத்துக்கு வருகிறேன். மாம்பழத்துக்குச் செய்த இயந்திரம் இதற்கு ஒத்துவராது. பனையில் தும்பு கொட்டையோடு பிடித்துக்கொண்டிருக்கும், கூழ் பசை மாதிரி வரும். ஒரு பருவம் கையால் பிழிந்து, எத்தனை கிலோ பழத்துக்கு எத்தனை கிலோ களி, எத்தனை ஆள் நேரம் என்று நோட்டில் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் போய்க் கேட்டால் அவர்களும் உங்களுக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

அப்புறம், பிழிந்த கொட்டையை எறிந்துவிடாதீர்கள். மழைக்கு முன்னே பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் போட்டு மூடுங்கள். பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கலாம். இனிப்பு மரத்துக் கொட்டையில் மட்டும் ஒரு இருபதைத் தனியே எடுத்து, வரப்பில் இடைவெளி உள்ள இடத்தில் ஊன்றிவிடுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியவே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால்தான் இருபது என்கிறேன்.